பழைய நீராவி எஞ்சினை மறுபடியும் ஓட வைப்பது எப்படி?

பழைய நீராவி எஞ்சின் ஒன்றைக் காப்பாற்ற இரண்டு வழிகள் உண்டு. துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, பித்தளைப் பாகங்களைத் துலக்கி, ஒரு கூரைக்கு அடியில் காட்சிக்கு நிறுத்துவது முதல் வழி. இரண்டாவது வழி, அதில் தண்ணீர் நிரப்பி, நெருப்பு மூட்டி, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பெட்டிகளை அது தண்டவாளத்தில் இழுத்துப் போகும்படி செய்வது. இதற்குப் பத்து வருடம் ஆவது சாதாரணம். இருபது வருடம் எடுத்தவையும் உண்டு. இந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். சம்பளம் வாங்காமல், விடுமுறை நாட்களில் கூடி வேலை செய்யும் தன்னார்வலர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள், ஏன் இவ்வளவு காலம் ஆகிறது என்பதை எஞ்சினியரிங் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், எஞ்சினை ஓட வைக்கும் வேலையில் பெரும்பகுதி அதன் பாய்லர் வெடிக்காது என்று நிரூபிப்பதுதான். பிஸ்டனிலோ சக்கரத்திலோ குறை இருந்தால் பெரும்பாலும் எஞ்சின் நின்றுபோகும், அவ்வளவுதான். பாய்லரில் குறை இருந்தால் ஆள் செத்துப்போவார்.

எஞ்சின் எப்படி ஓடுகிறது?

எஞ்சினின் மேல் நீளமாகப் படுத்திருக்கும் பெரிய உருளைதான் பாய்லர். அதன் பின்கோடியில், டிரைவர் நிற்கும் இடத்தை ஒட்டி, உருக்கினாலோ செம்பினாலோ ஆன நெருப்புப் பெட்டி இருக்கும். நிலக்கரி எரிவது அங்கேதான். அந்த அனல் பாய்லருக்குள் நீளவாக்கில் ஓடும் ஏராளமான குழாய்கள் வழியாக முன்பக்கப் புகைப்பெட்டிக்குப் போய், புகைபோக்கி வழியாக வெளியேறும். குழாய்களைச் சுற்றி இருக்கும் தண்ணீர் கொதித்து, ஆவி மேலே சேரும். டிரைவர் ரெகுலேட்டரைத் திறந்ததும் ஆவி சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனோடு இணைந்த தண்டுகள் சக்கரத்தைச் சுழற்றும்.

வேலை முடிந்த ஆவியும் வீணாவதில்லை. அது புகைபோக்கி வழியாகப் பீறிட்டுப் போகும்போது புகைப்பெட்டிக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் நெருப்புக்கு அடியிலிருந்து புதுக் காற்று வரும். எஞ்சின் கடுமையாக உழைக்க உழைக்க நெருப்பும் தானாகவே கொழுந்துவிட்டு எரியும். நாம் கேட்கும் ‘சக் சக்’ ஓசை இந்த ஆவி பீறிடும் ஓசைதான். விசிறியோ மோட்டாரோ இல்லாமல் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

தன்னார்வலர்கள் எப்படி வந்தார்கள்?

வேல்ஸ் நாட்டில் டாலித்லின் என்றொரு குறுகிய பாதை ரயில்வே 1865-ல் தொடங்கியது. 1950-ல் அதன் உரிமையாளர் இறந்ததும் ரயில்வே மூடப்படும் நிலைக்கு வந்தது. டாம் ரோல்ட் என்ற பொறியாளரும் அவருடைய நண்பர்களும் அந்த அக்டோபரில் பர்மிங்ஹாமில் ஒரு கூட்டம் கூட்டி, ஒரு சங்கம் தொடங்கி, 1951-ல் தாங்களே ரயில் ஓட்ட ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே ஓடும் நிலையில் இருந்த பழைய எஞ்சின் டால்காக் ஒன்றுதான். உலகில் தன்னார்வலர்கள் எடுத்துக் காப்பாற்றிய முதல் ரயில்வே அது.

அடுத்த பெரிய அலை ஒரு பழைய இரும்புக் கிடங்கிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் ரயில்வே 1968 ஆகஸ்டில் தன் முதன்மைப் பாதைகளில் நீராவியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் உடைக்கப்பட்டன. தெற்கு வேல்ஸின் பாரி துறைமுகத்தில் இருந்த உட்ஹாம் சகோதரர்களின் கிடங்குக்கும் 297 எஞ்சின்கள் வந்து சேர்ந்தன. அங்கே முதலில் சரக்கு வேகன்களை உடைத்தார்கள், அது சுலபமான வேலை. எஞ்சின்கள் கடல் காற்றில் துருப்பிடித்தபடி வருடக்கணக்கில் காத்துக்கிடந்தன. அந்தத் தாமதம்தான் அவற்றைக் காப்பாற்றியது. 1968 முதல் 1990 வரை 213 எஞ்சின்களைத் தன்னார்வக் குழுக்கள் வாங்கிக்கொண்டு போயின. இன்று பிரிட்டனில் ஓடும் பழைய எஞ்சின்களில் பல அங்கிருந்து வந்தவை.

வாங்கிய கையோடு ஓட்டிவிட முடியாது. செம்பு, பித்தளைப் பாகங்களுக்கு நல்ல விலை என்பதால் அவற்றைக் கழற்றியிருப்பார்கள். சில எஞ்சின்களில் சக்கரங்களை இணைக்கும் தண்டுகளையே வெட்டியிருப்பார்கள்.

கழற்றுவது

முதல் கட்டம் முழுக்கப் பிரித்துப் போடுவது. இதில் எதையும் எழுதி வைக்காமல் கழற்றக் கூடாது. ஒவ்வொரு பாகத்துக்கும் படம் எடுத்து, எண் குறித்த தகடு கட்டி, எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்தது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பதிவு செய்கிறார்கள். இன்று கழற்றுபவர், பத்து வருடம் கழித்து மாட்டும்போது அங்கே இருப்பார் என்று சொல்ல முடியாது. பட்டறை வேலையே தெரியாத ஒருவர் இந்தப் பதிவேட்டை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், அவர் ஒரு தேர்ந்த ஃபிட்டருக்குச் சமமான உதவி செய்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

கழற்றும்போது முதலில் எதிர்ப்படும் ஆபத்து ஆஸ்பெஸ்டாஸ். பாய்லரின் சூடு வெளியே போகாமல் இருக்க அந்தக் காலத்தில் அதைச் சுற்றி அப்பியிருப்பார்கள். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடங்கள் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். இதைத் தன்னார்வலர்கள் தொடுவதில்லை. உரிமம் பெற்ற நிறுவனம் வந்து அகற்றும் வரை மற்ற வேலை நிற்கும்.

பாய்லர்: எல்லாம் இங்கேதான்

ஒரு லிட்டர் தண்ணீர், சாதாரண காற்றழுத்தத்தில் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடத்தை அடைக்கும். அந்த ஆவியை மூடிய பாத்திரத்துக்குள் அடக்கி வைத்தால்தான் அழுத்தம் கிடைக்கிறது. பெரிய எஞ்சின்களில் அது சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு அளவுக்குப் போகும். அந்த அழுத்தத்தில் தண்ணீரின் வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும், ஆனாலும் பெரும்பகுதி தண்ணீராகவே இருக்கும். தகடு கிழிந்து அழுத்தம் சட்டென்று இறங்கினால், அதில் கணிசமான பகுதி ஒரே நொடியில் ஆவியாக மாறும். பாய்லர் வெடிப்பது என்பது இதுதான். ஏற்கெனவே இருக்கும் ஆவியை விட, ஆவியாகக் காத்திருக்கும் தண்ணீர்தான் பெரிய ஆபத்து.

அதனால் பாய்லரைச் சட்டகத்திலிருந்து தூக்கி, குழாய்களை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, உள்ளும் வெளியும் சுத்தம் செய்து, தகட்டின் கனத்தை அளக்கிறார்கள். கையடக்கமான அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்றைத் தகட்டில் வைத்தால், ஒலி மறுபக்கம் போய்த் திரும்பும் நேரத்தை வைத்து அந்த இடத்தின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று காட்டும். பாய்லர் முழுக்கச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு சதுரத்துக்கும் அளவெடுத்து, ஒரு வரைபடம் தயாரிப்பார்கள். எந்த இடத்தில் இரும்பு மெலிந்திருக்கிறது என்று அது பச்சையாகச் சொல்லிவிடும். சேறும் படிவும் தங்கும் அடிப்பகுதி பெரும்பாலும் மோசமாக இருக்கும். குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும். இந்த வெல்டிங்கை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. அழுத்தக் கலன்களில் வேலை செய்யத் தேர்வில் தேறிச் சான்று பெற்ற வெல்டர்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் ஸ்டே போல்ட்டுகள். நெருப்புப் பெட்டியின் சுவர் தட்டையானது. தட்டையான தகடு அழுத்தம் தாங்காது, பிதுங்கிவிடும். ஆகவே உள் சுவரையும் வெளிச் சுவரையும் இணைத்து, சில அங்குல இடைவெளியில் இரும்பு அல்லது செம்புத் தண்டுகளை அடித்து இறுக்கியிருப்பார்கள். ஒரு பெரிய எஞ்சினில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தண்டுகள் இருக்கும். சூட்டில் இரண்டு சுவரும் வெவ்வேறு அளவில் விரிவதால் தண்டுகள் வளைந்து வளைந்து ஒருநாள் முறியும். முறிவது தண்ணீருக்குள் நடப்பதால் வெளியே தெரியாது. இதைக் கண்டுபிடிக்கும் பழைய முறை சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. நல்ல தண்டு கணீரென்று ஒலிக்கும், முறிந்தது மந்தமாக ஒலிக்கும். அமெரிக்க எஞ்சின்களில் இன்னொரு முறையும் உண்டு. தண்டின் நடுவே வெளிமுனையிலிருந்து ஒரு மெல்லிய துளை போட்டு வைப்பார்கள். தண்டு முறிந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு எளிமையான, செலவில்லாத எச்சரிக்கை மணியை நான் வேறெந்த இயந்திரத்திலும் பார்த்ததில்லை.

நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடுதான் பாய்லரிலேயே மிக ஆபத்தான இடம். கீழே நேரடி நெருப்பு, மேலே தண்ணீர். தண்ணீர் மட்டம் இறங்கிக் கூரை வெளியே தெரிந்துவிட்டால், சில நிமிடங்களில் தகடு சிவக்கச் சூடேறி வலுவிழந்து கீழே பிதுங்கும். இதைத் தடுக்கப் பல எஞ்சின்களில் கூரையில் ஈயம் அடைத்த செருகி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். சூடு மீறினால் ஈயம் உருகி, ஆவி நெருப்பின் மேல் பீறிட்டு எச்சரிக்கும். நம் வீட்டுக் குக்கர் மூடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது.

1995 ஜூனில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கெட்டிஸ்பர்க் அருகே ஒரு சுற்றுலா ரயில் எஞ்சினில் இதேதான் நடந்தது. தண்ணீர் குறைந்து கூரைத் தகடு கிழிந்தது. எஞ்சின் அறையில் இருந்த மூன்று பேருக்குத் தீக்காயம். தண்ணீர் மட்டம் காட்டும் பாகங்கள் சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. கூரைத் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்டே போல்ட்டுகள் எல்லாம் ஒரே பலத்தில் இல்லாமல், பலவீனமானவை முதலில் விடும்படி வடிவமைத்திருந்ததால் தகடு முழுக்கப் பிய்ந்து போகாமல் தப்பித்தது. அமெரிக்க ஆய்வு விதிகள் அதன் பிறகு முழுக்கத் திருத்தி எழுதப்பட்டன.

பழுது பார்த்து முடித்துப் புதுக் குழாய்களையும் பொருத்திய பிறகு பாய்லரைச் சோதிப்பார்கள். முதல் சோதனை ஆவியில் இல்லை, பச்சைத் தண்ணீரில். பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு பம்ப் மூலம் வழக்கமான வேலை அழுத்தத்தை விடக் கூடுதலாக ஏற்றுவார்கள். காற்றையோ ஆவியையோ போலத் தண்ணீர் அமுங்கிச் சுருங்காது. அதனால் தகடு விட்டுக்கொடுத்தாலும் தண்ணீர் பீய்ச்சியடிக்கும், அழுத்தம் உடனே இறங்கிவிடும், வெடிப்பு இருக்காது. அது தேறினால்தான் நெருப்பு மூட்டி ஆவிச் சோதனை. இரண்டையும் குழுவைச் சேராத ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். செய்தவர்கள் சம்பளம் வாங்கினார்களா, விருப்பத்துக்காகச் செய்தார்களா என்பதை வைத்து அவர் அளவுகோலைத் தளர்த்துவதில்லை. தன்னார்வலர் வேலை என்றால் அரைகுறை என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கீழ்ப் பாதி

பாய்லர் ஒரு பக்கம் நடக்க, சட்டகம், சக்கரம், சிலிண்டர் வேலைகள் இன்னொரு பக்கம் நடக்கும். சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் உருக்கு வளையம் தனிப் பாகம். அது சக்கரத்தை விடக் கொஞ்சம் சிறியதாகக் கடையப்பட்டிருக்கும். வளையத்தைச் சுற்றிலும் சூடாக்கினால் விரியும், சக்கரத்தை அதற்குள் இறக்குவார்கள். ஆறியதும் வளையம் சுருங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இரு சிலிண்டர் எஞ்சினில் இடதுபக்கச் சக்கரத்துத் தண்டுக்கும் வலதுபக்கத் தண்டுக்கும் 90 டிகிரி வித்தியாசம் வைத்திருப்பார்கள். ஒரு பக்கப் பிஸ்டன் தன் பாதையின் கோடியில் போய் நின்றுவிட்டால் அதனால் சக்கரத்தைச் சுழற்ற முடியாது. அப்போது மறுபக்கப் பிஸ்டன் முழு பலத்தோடு தள்ளும் நிலையில் இருக்கும். சக்கரத்தை அச்சிலிருந்து கழற்றி மாட்டினால் இந்தக் கோணம் இம்மியும் பிசகக் கூடாது. பிசகினால் இணைப்புத் தண்டுகள் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும்.

அச்சு உட்காரும் பேரிங்குகளில் வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றுவார்கள். வேண்டுமென்றே மிருதுவான உலோகம் அது. எண்ணெய் தீர்ந்தால் விலை உயர்ந்த அச்சு கெடாமல் இந்தக் கலவை உருகிப்போகும். ஊற்றி ஆறிய பிறகு, அச்சில் நீலச் சாயம் தடவிச் சுழற்றி, பேரிங்கில் சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் கையால் சுரண்டுவார்கள். மறுபடி சாயம், மறுபடி சுரண்டல். பேரிங்கின் முழுப் பரப்பிலும் சாயம் ஒரே சீராக ஒட்டும் வரை இது நடக்கும். ஓய்வு பெற்ற ரயில்வே தொழிலாளிகள் இளைஞர்களுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைகளைத்தான். படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கைக்குப் பழக வேண்டும்.

இல்லாத பாகத்துக்கு எங்கே போவது?

கடையில் கிடைக்காது. முதலில் பழைய வரைபடம் தேட வேண்டும். பிரிட்டனில் யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகம் ஏராளமான வரைபடங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வரைபடத்தை வைத்து மரத்தில் மாதிரி செய்து, மணலில் அச்செடுத்து, வார்ப்புப் பட்டறையில் உலோகத்தை ஊற்றி, பிறகு லேத்தில் கடைந்து எடுப்பார்கள். குளிர்ந்தால் உலோகம் சுருங்கும் என்பதால் மாதிரியை அந்த அளவுக்குப் பெரியதாகச் செய்ய வேண்டும்.

இந்த வேலையின் உச்சம் என்று நான் சொல்வது ‘டியூக் ஆஃப் க்ளூஸ்டர்’ எஞ்சினைத்தான். 1954-ல் க்ரூ பணிமனையில் கட்டப்பட்டது, அந்த வகையில் அது ஒன்றே ஒன்று. நிலக்கரியை வாரி விழுங்குகிறது, ஆவி போதவில்லை என்ற கெட்ட பெயருடன் 1962-லேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வெளிப்பக்கச் சிலிண்டர்களையும் கழற்றிவிட்டார்கள், ஒன்று அருங்காட்சியகத்துக்குப் போனது. பாரி கிடங்கில் கிடந்த மிச்சத்தை 1974-ல் ஒரு தன்னார்வக் குழு வாங்கியபோது, இது நடக்காத காரியம் என்றுதான் பலர் சொன்னார்கள். 1986-ல் அது ஓடியது. அதை விடப் பெரிய விஷயம், வேலையின் நடுவே அவர்கள் கண்டுபிடித்தது. நெருப்புக்கு அடியில் இருக்கும் சாம்பல் தொட்டிக்குக் காற்று போகும் வழி, வரைபடத்தில் இருந்ததை விடச் சிறியதாகக் கட்டப்பட்டிருந்தது. நெருப்புக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அதைச் சரிசெய்து, புகைபோக்கி அமைப்பையும் மாற்றியதும், எஞ்சின் தன் பழைய வாழ்க்கையில் ஓடியதை விட நன்றாக ஓடியது. எஞ்சினின் மேல் விழுந்த பழியைத் துடைத்தது அளவுகோலும் பழைய வரைபடமும்தான். தொழிற்சாலை தவறவிட்டதை விடுமுறை நாள் உழைப்பாளிகள் பிடித்தார்கள் என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை.

பணமும் காலமும்

இருபது வருடம் ஆகிறது என்றால் ஆட்கள் சோம்பேறிகள் என்று அர்த்தம் இல்லை. வேலை நடப்பதை விடப் பணம் சேர்ப்பது மெதுவாக நடக்கும். ஒரு பாய்லர் குழாய்க்கான செலவை ஒருவர் ஏற்பது, மாதாமாதம் சிறு தொகை தருவது, நினைவுப் பொருட்கள் விற்பது என்று சிறுகச் சிறுகச் சேர்க்கிறார்கள். அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரப் பூங்காவில் 1956 முதல் நின்ற சான்டா ஃபே 2926 என்ற பிரமாண்டமான எஞ்சினை ஒரு தன்னார்வச் சங்கம் 1999-ல் வாங்கியது. அது தன் சொந்த ஆவியில் நகர்ந்தது 2021-ல்.

புதியவர்கள் பலர் பெயின்ட் அடிப்பதில் பணத்தைப் போட ஆசைப்படுவார்கள். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் நன்கொடையைக் கொண்டுவரும் என்பது உண்மைதான். ஆனாலும் பாய்லரின் நிலைமை தெரியும் முன் மேல்பூச்சுக்குச் செலவழிப்பது தவறு என்றே சொல்வேன். பாய்லர் அறிக்கை மோசமாக வந்தால் திட்டமே மாறிப்போகலாம்.

முதல் நெருப்பும் அதற்குப் பிறகும்

குளிர்ந்த பாய்லரை அவசரமாகச் சூடாக்கக் கூடாது. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் இருந்தால் இணைப்புகள் கசியும், ஸ்டே போல்ட்டுகள் முறியும். விறகில் சிறு தீ மூட்டி, பல மணி நேரம் மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். அழுத்தம் ஏறும்போது ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து, கசிவைக் குறித்துக்கொள்வார்கள். பாதுகாப்பு வால்வுகள் குறித்த அழுத்தத்தில் சரியாகத் திறக்கின்றனவா என்பதை ஆய்வாளர் முன்னிலையில் காட்ட வேண்டும்.

தேறிய பிறகும் சான்றுக்குக் காலவரை உண்டு. பிரிட்டனில் வழக்கமாகப் பத்து வருடம், நடுவில் வருடாந்தர ஆய்வுகள். அமெரிக்காவில் 1,472 நாட்கள் ஓடியிருக்க வேண்டும் அல்லது 15 வருடம் ஆகியிருக்க வேண்டும், எது முதலில் வருகிறதோ அது. அதன் பிறகு மறுபடியும் குழாய்களை உருவி, தகட்டை அளந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். முந்தைய தடவை எழுதிய கனப் பதிவுகள் அப்போதுதான் கைகொடுக்கும். பத்து வருடத்தில் எந்த இடத்தில் எவ்வளவு தேய்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால், அடுத்த பத்து வருடம் தாங்குமா என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

சரி, இதில் சேர ஆசை இருந்தால்? எஞ்சினியராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான குழுக்களில் முதல் வேலை சுத்தம் செய்வது. பழைய கிரீஸைச் சுரண்டும்போதுதான் எந்தப் பாகம் எதோடு இணைகிறது, விரிசல் எப்படி இருக்கும் என்று கண் பழகும். அங்கிருந்து சிலர் பட்டறைப் பக்கம் போவார்கள். சிலர் எஞ்சின் அறைப் பக்கம் போய், பயிற்சியும் தேர்வும் முடித்து, எஞ்சினின் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேன் ஆவார்கள், இன்னும் சில வருடங்களில் டிரைவர். கணக்கு எழுதத் தெரிந்தவர், படம் எடுக்கத் தெரிந்தவர், ஆவணக் காப்பகத்தில் பொறுமையாகத் தேடத் தெரிந்தவர் எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே இடம் உண்டு. போகும்போது இரும்பு முனை வைத்த காலணியும் அழுக்கானால் பரவாயில்லை என்கிற பருத்தி உடையும் போட்டுக்கொண்டு போனால் போதும். நைலான் உடை வேண்டாம், தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.